அடுப்போரம் காய்ந்த கிரீடம்

காலை எட்டு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு கிரீடம். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பு மேடையில், பருப்பு வெந்துகொண்டிருந்த அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி, கவிழ்த்து வைத்த சொம்பின் மேல் அது உட்கார்ந்திருந்தது. அட்டையில் வெட்டித் தங்க நிறத் தாள் ஒட்டியது. பனிமூட்டம் விலகாமல் பசை காயவில்லை என்று அடுப்பின் வெக்கையில் வைத்திருந்தார்கள். முன்பக்கம் பதித்த சிவப்புக் கல், உண்மையில் ஒரு மருந்து பாட்டிலின் மூடி, மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே வந்த மூட்டமும் அண்டாவிலிருந்து எழுந்த ஆவியும் கலந்ததில், கிரீடம் மட்டும் தனியாக மிதப்பது போலிருந்தது.

"அதைத் தொட்டுப்போடாதீங்க்கா, இன்னும் ஈரம் போகலை" என்றார் சத்துணவு உதவியாளர்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இடது முட்டியில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. அவருடைய சின்ன மகள் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தாள். ஆண்டு விழாவுக்கு நான் எழுதிக் கொடுத்த நாடகத்தில் பின்னால் அவள்தான் கிழவியானாள்.

"ஏனுங்க்கா, அந்தக் கெழவி ராசாகிட்ட என்னத்தைங்க கேக்கறா?"

"ஊர்க் கிணத்துல தண்ணி இல்லைன்னு சொல்லுவா."

அவர் பருப்பை ஒருமுறை கிளறிவிட்டுக் கரண்டியை விளிம்பில் தட்டினார்.

"அதுக்குப் பதிலா ஊட்டைக் கேட்டா ஆகாதுங்களா?"

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கும் சிறிய பள்ளி அது. இரண்டு டீச்சர்கள். இளையவள் குன்னூரில் எங்கள் தெருவில் குடியிருப்பவள். கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திப் பக்கத்தை வெகுகாலம் பார்த்துவிட்டு நான் மலைக்குத் திரும்பியிருந்த புதிது. "பேப்பர்ல இத்தனை வருசம் எழுதினீங்கல்ல, பத்து நிமிச ராஜா கதை உங்களுக்கு ஒரு விசயமாங்க்கா?" என்று கேட்டாள். நான் அதிகம் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கியிருக்கிறேன். ஆனால் ராஜா கதையை யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. கை தானாக எழுதியது. நல்ல ராஜா. ஊரில் கஷ்டம். ராஜாவுக்குத் தெரியாது, மந்திரி மறைத்துவிட்டான். ஒரு கிழவி துணிந்து சபைக்கு வந்து சொல்கிறாள். ராஜா கண் கலங்கி எழுந்து நிற்கிறார். கஷ்டம் தீர்கிறது. ஒரு மதியத்தில் முடித்துவிட்டேன்.

உதவியாளர் கேட்டது அந்தக் கதைக்குள் தன் வீட்டையும் வைக்க முடியுமா என்றுதான்.

அவர் கணவர் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்பவர். முந்தைய ஐப்பசி மழையில், வேலையிலிருந்து வந்து ஈரச் சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. அவர்கள் இருந்தது எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. வேலை இருக்கும்வரை வீடு. வேலை செய்தவர் போய்விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அல்லது குடும்பத்தில் இன்னொருவர் எஸ்டேட் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். உதவியாளர் முன்பு கொழுந்து பறித்தவர்தான். சரிவில் விழுந்து முட்டி போனபின் கூடை சுமக்க முடியாமல் சத்துணவுக்கு வந்தவர். மீதியிருப்பது மூத்த மகள். அவள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கோடை விடுமுறை விடுவதற்குள் வீட்டுச் சாவி அல்லது மூத்தவளின் பெயர், இரண்டில் ஒன்று ஆபீசுக்கு வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

"பெரியவ படிச்சு முடிக்கற வரைக்கும் இருந்துக்கறமுங்க. அவ்வளவுதான் கேக்கோணும். மேஸ்திரிகிட்டச் சொன்னேன். ஆபீஸ்ல சொல்லியாச்சுங்கறாரு. ஆபீஸ்ல போயிக் கேட்டா, தொரை சொல்லிட்டாருங்கறாங்க. தொரைக்கு இது தெரியாதுங்க்கா. தெரிஞ்சா இப்படிப் பண்ணுவாருங்களா? தங்கமான மனுசன். எங்கூட்டுக்காரரு செத்தன்னிக்கு ஜீப்பை நிறுத்தி, மழையில எறங்கி வந்து நின்னாருங்க."

எஸ்டேட் மேனேஜரை அங்கே இன்றும் தொரை என்றுதான் சொல்கிறார்கள்; அவருக்குக் கீழே தொழிலாளர்களை மேற்பார்ப்பவர் மேஸ்திரி. ஆண்டு விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். முன்வரிசை நடு நாற்காலி.

"அவரு காதுல உளுந்தாப் போதுமுங்க" என்றார் உதவியாளர். பிறகு கிரீடத்தைத் திருப்பி வைத்தார், மறுபக்கமும் காயட்டும் என்று.

அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. வளைவுகளில் மட்டும் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்று பின்வாங்கின. அப்படிப்பட்ட மூட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். அருவங்காட்டில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பு. அப்பா அங்கே ஸ்டோரில் வேலை பார்த்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பளிக்குள் கால் நீட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் கதை சொல்வார். "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குத் தெரிவது குதிரையோ யானையோ அல்ல; ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை போட்ட ஒரு வெள்ளைக் கார். தொழிற்சாலைத் தலைமை அதிகாரியின் கார் அது. நாங்கள் பள்ளிக்கு நடக்கும்போது, மூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகளாக முதலில் வரும். எல்லோரும் சாலையோரம் ஒதுங்கி நிற்போம். சக்கரச் சத்தம் போன பிறகும் சிறிது நேரம் நிற்போம். உள்ளே இருந்தவரின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் அப்பாவின் ராஜாக்கள் எல்லோரும் அந்தக் காரின் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். போருக்குப் போனாலும் அதில்தான் போனார்கள். மாறுவேடத்தில் நகர்வலம் வந்தாலும், திரையை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தார்கள்.

ராஜா எப்படி ராஜாவானார் என்று அப்பாவிடம் கேட்டதாக நினைவில்லை. கதையில் மலை இருந்தால் அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை. அதுபோல ராஜாவும் முதல் வரியிலேயே அங்கே இருந்தார். அவர் கெட்டவராகவும் இருக்க மாட்டார். கெட்டது எல்லாம் பக்கத்தில் நிற்பவர்களிடம் இருக்கும். இதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போன பிள்ளைகள் பெரியவர்களாகி எங்கள் நாளிதழுக்குப் புகார் எழுதினார்கள். தூங்கிப்போன இன்னொரு பிள்ளையாகிய நான் அதற்குத் தலைப்புப் போட்டேன். 'அதிகாரிகள் கவனிப்பார்களா?' சாலைக்கு, சாக்கடைக்கு, எரியாத தெருவிளக்குக்கு, எல்லாவற்றுக்கும் அதே கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்குள் ஒரு ராஜா கதை மடித்து வைக்கப்பட்டிருந்தது: அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை, கவனித்தால் சரியாகிவிடும். கவனித்த பிறகும் இப்படித்தான் இருக்கிறது என்று ஒரு தலைப்பு நான் போட்டதும் இல்லை, போடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

கிணற்றை எடுத்துவிட்டு வீட்டை வைத்தேன். டீச்சரிடம் காட்டியபோது அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது அந்த அக்கா ஊட்டு விசயமல்லங்க்கா? பள்ளிக்கூடம் நிக்கறதே எஸ்டேட் எடத்துல. நாற்காலிகூட அவங்க குடுக்கறது."

"பேரு இல்லை. ஊரு இல்லை. ராஜாகிட்டக் கிழவி கேக்கறா."

"தொரை சங்கடப்பட்டா?"

"நாடகத்தைப் பார்த்தா?"

அவள் தாளை மடித்தாள். "செரி, இருக்கட்டும். அவரு நல்லவருதான். புரிஞ்சுக்குவாரு." அவளுடைய அப்பாவும் கம்பளிக்குள் கதை சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

ஒத்திகை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ராஜாவைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள்.

"ராசான்னாத் தொப்பை வேணுமுங்க டீச்சர். இவனைப் போடுங்க."

"ரெண்டு முட்டை வாங்கித் திங்கறவன் இவன் ஒருத்தன்தானுங்க."

"போங்கடா, பொறாமை புடிச்சவனுகளா" என்றபடி அந்தப் பையன் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராணிக்கு மூன்று பெண்கள் போட்டி போட்டார்கள். "ராணிக்கு என்ன வசனங்க்கா?" என்று ஒருத்தி கேட்டாள். வசனம் ஒன்றுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். "அது போதுமுங்க" என்றாள்.

மந்திரி வேடத்துக்கு வந்தவன் வாய்த்துடுக்கு. எஸ்டேட் மேஸ்திரி பேசுவது போல் பேசிக் காட்டி லைன் முழுக்கப் பேர் வாங்கியவன். கிழவி வேடம் கேட்டு யாரும் வரவில்லை. உதவியாளரின் மகள் தானாகக் கையைத் தூக்கினாள். ஒல்லியாக, காதை மூடும் கம்பளித் தொப்பியோடு இருப்பாள். வசனத்தை அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள். அது யாருடைய வீடு என்று அவளுக்குத் தெரியும்.

பின்னால் தொங்கவிட அரண்மனை வரையச் சொன்னோம். பழைய வேட்டித் துணியில் பிள்ளைகள் குனிந்து வரைந்ததைச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். சிவப்புத் தகரக் கூரை. இரண்டு புகைபோக்கி. வாசலைச் சுற்றி நீலப் பூச்செடிகள். போர்ட்டிகோவில் ஒரு ஜீப். கேட்டில் ஒருத்தி சுத்தமான கையெழுத்தில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தாள். எஸ்டேட்டின் உச்சியில், பள்ளிக்கூட முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மூட்டம் விலகும்போது மட்டும் தெரியும் பங்களா அது. எனக்குக் கார், அவர்களுக்குப் பங்களா.

முதல் ஒத்திகையில்தான் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. கிழவி உள்ளே வந்தாள். சிம்மாசனத்துக்கு வெகுதூரம் முன்பே, சிமென்ட் தரை தொடங்கும் இடத்தில் நின்றாள். தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மந்திரி பக்கம் திரும்பி, தணிந்த குரலில் ஆரம்பித்தாள்: "ராசாகிட்டச் சொல்லுங்க..."

நான் நிறுத்தினேன். "ராசா எதிர்லயே இருக்கார் கண்ணு. அவரைப் பார்த்தே சொல்லு."

அவள் ராஜாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நேராவுங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தான்.

"நேராப் பேசறதுன்னா நானு எதுக்குங்க இங்க நிக்கறேன்?" என்று கேட்டான் மந்திரி.

மறுபடி செய்யச் சொன்னேன். அவள் ராஜா பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாய் திறந்ததும் உடம்பு தானாக மந்திரியிடம் திரும்பிவிட்டது. ராஜாவும், அவள் சொன்னது அவ்வளவும் காதில் விழுந்திருந்தும், "மந்திரி, என்ன சொல்றா?" என்று கேட்டான். அது என் வசனத்தில் இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரேதான் மஸ்டர் கொட்டகை. காலையில் தொழிலாளர்களின் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அங்கே நின்று பார்த்தேன். மேனேஜர் படியின் மேல். மேஸ்திரி நடுப்படியில். படிக்குக் கீழே, தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் லீவு கேட்டுக்கொண்டிருந்தார், மேஸ்திரியிடம். மேஸ்திரி திரும்பி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மேனேஜரிடம் அதையே சொன்னார். மேனேஜர் மேஸ்திரியிடம் பதில் சொன்னார். மேஸ்திரி திரும்பி அதைப் பெண்ணிடம் சொன்னார். மூன்று பேரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். யாருக்கும் அது விநோதமாக இல்லை. சின்ன விஷயத்தை மேஸ்திரி அப்படியே சொல்வார். பெரிய விஷயமென்றால் உருட்டி மழுக்கிச் சொல்வார் என்று பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் சொன்னார். மேனேஜர் தினமும் கடைசியில் கேட்பாராம், "எல்லாம் சரியா?" என்று.

"விட்டுருங்க்கா, இதுவே பார்க்க நல்லாத்தான் இருக்குது" என்றாள் டீச்சர், அடுத்த ஒத்திகையிலும் கிழவி மந்திரி பக்கமே திரும்பியபோது. எனக்கும் அப்போது அது வசதியாகத்தான் பட்டது. மந்திரிக்கு வசனம் கூட்டினேன்: கிழவி சொல்வதை அவன் வாங்கி ராஜாவிடம் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டு விஷயம் இரண்டு முறை சொல்லப்படும். முன்வரிசைக்கு நன்றாகக் கேட்கும். கெட்ட மந்திரி நல்ல மந்திரியாகிவிட்டான். கதைக்கு அதில் நஷ்டமில்லை.

விழாவுக்கு முந்தின நாள் டீச்சரும் நானும் குன்னூர் கடைவீதியில் வேட உடை வாடகைக்குத் தரும் கடைக்குப் போனோம். ராஜா உடை எல்லா அளவிலும் தொங்கியது. கைக்குழந்தைக்குக்கூட ஒன்று இருந்தது, இடுப்பில் தைத்த வாளோடு. மந்திரி, சேவகன், முனிவர், எல்லாம் இருந்தன.

"குடிமக்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று டீச்சர் கேட்டாள்.

கடைக்காரர் யோசித்தார். "அதுக்கெதுக்குங்க தனி டிரெஸ்? போட்டிருக்கறதோட வந்தாப் போதுமே."

விழா அன்று பிற்பகல் மூட்டம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கதவுகளைச் சாத்தியும் நிற்கவில்லை. குழல்விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம் நின்றது. பின்வரிசைகளில் அம்மாக்கள், கையில் செல்போன். மேனேஜர் நேரத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், கோட்டுக்குள் ஸ்வெட்டர். ஒவ்வொரு பிள்ளையிடமும் வகுப்பு கேட்டார். உதவியாளர் சமையற்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்து, கூடத்தின் பக்கவாட்டுச் சுவரில் முதுகு சாய்த்து நின்றார். அங்கிருந்து மேடையும் தெரியும், மேனேஜரின் முகமும் தெரியும். அவர் மேடையைப் பார்க்கவில்லை.

மைக் ஒன்றுதான். கோயில் விழாவுக்கு வாடகைக்கு விடுவது. ராஜாவுக்குத்தான் அதிக வசனம் என்று அதைச் சிம்மாசனத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். திரை விலகியது. தகரக் கூரை அரண்மனைக்கு முன்னால் ராஜா, கிரீடத்தோடு. சிவப்புக் கல்லை உதவியாளர் மறுபடி ஒட்டியிருந்தார். கூடமெங்கும் கைதட்டல். மந்திரி மைக்குக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

கிழவி வந்தாள். ஒத்திகையில் நின்ற அதே தூரத்தில் நின்றாள். தலையிலிருந்த முக்காட்டை இறக்கினாள். மந்திரி பக்கம் திரும்பினாள். வசனத்தை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் போய்விட்டதையும், வீட்டை விட்டுப் போகச் சொல்வதையும், பெரியவள் படித்து முடிக்கும்வரை இருந்துகொள்ளட்டுமா என்பதையும், மேஸ்திரியிடம் பேசும் குரலில், மேஸ்திரிக்கு மட்டும் கேட்கும்படி. மைக் அவளை எட்டவில்லை. மூட்டத்துக்குள் ஒரு சின்ன வாய் திறந்து மூடுவதைக் கூடம் பார்த்தது.

"மந்திரியாரே! இந்த மூதாட்டிக்கு என்ன குறை?" என்றான் ராஜா. ஒலிபெருக்கி அதிர்ந்தது.

மந்திரி வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை. டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அவன் கண்கள் கூடத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, முன்வரிசை நடு நாற்காலியில் வந்து நின்றன. அடுத்த கணம் அவன் முதுகு லேசாக வளைந்தது. வலது கை தானாகக் காதோரம் போனது. வாயில் தயாராக இருந்த வாக்கியம் வெளியே வந்தது.

"ஒரு கொறையுமில்லீங்க தொரை. எல்லாஞ் செரியா இருக்குதுங்க."

கூடமே வெடித்தது. அம்மாக்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற மேஸ்திரி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அதிகமாகச் சிரித்தது மேனேஜர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராஜா குழம்பவில்லை. நினைவில் இருந்த கடைசி வசனத்துக்குத் தாவினான். "நல்லது! நம் நாட்டில் மக்கள் சுகமாக இருக்கிறார்கள். இவளுக்குப் பொற்காசுகள் கொடுங்கள்!"

சேவகன் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசுகளைக் கொண்டுவந்தான். கிழவி இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். மந்திரி பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவன் அப்போது கைதட்டலுக்குக் குனிந்துகொண்டிருந்தான். திரை விழுந்தது.

பரிசு கொடுக்கும்போது மேனேஜர் ராஜாவுக்கும் மந்திரிக்கும் தன் பங்காக ஆளுக்கொரு பேனா கொடுத்தார். பிறகு டீச்சர்கள் அறையில் தேநீர்.

"அந்த மந்திரிப் பையன் பிரமாதம் மேடம். எங்க மேஸ்திரியை அப்படியே உரிச்சு வெச்சிட்டான். அரண்மனைகூட எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பாட்டி என்ன சொன்னா? எனக்குக் கேக்கவே இல்லை."

நான் சொன்னேன். கிழவியின் வசனத்தைச் சொல்லி, அது எந்த வீடு என்றும் சொன்னேன். செய்தி சொல்வது போலத்தான் சொன்னேன். யார், என்ன, எப்போது.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"தெரியும் மேடம்."

டீச்சர் பிஸ்கட் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டதே நான்தானே. பொண்ணு நர்சிங் படிக்கிறதும் தெரியும். மேஸ்திரி வந்து சொன்னார். ரெண்டு தடவை சொன்னார்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளையைத் தவிர. "வேலைக்குத்தான் வீடு. ஒருத்தருக்கு விட்டா அடுத்தவங்களுக்கு என்ன சொல்றது? பேரு குடுத்தா அந்த வீடு அவங்களுக்கே இருக்கும். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்." கொஞ்சம் கழித்து, "எனக்கும் ரிட்டயர் ஆகிற வரைக்கும்தான் பங்களா" என்றார். அது உண்மையும்கூட. கடுமையாக எதுவும் சொல்லவில்லை. தேநீரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வெளியே ஜீப்பின் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. பிள்ளைகள் இருபுறமும் ஒதுங்கி நின்றார்கள்.

உதவியாளர் சமையற்கூடத்துக்கு வெளியே குழாயடியில் டம்ளர்கள் கழுவிக்கொண்டிருந்தார். முட்டியை மடக்க முடியாததால் கல்லின் மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அறைக்குள் போனதை அவர் பார்த்திருந்தார்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"தெரியாதுன்னாருங்களா?"

"தெரியும்னார். மேஸ்திரி சொன்னாராம். கையெழுத்துப் போட்டது தானேதான்னார்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார். கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து, உள்ளே பார்த்து, மறுபடி நிமிர்த்தினார்.

"அப்படித்தானுங்க சொல்லுவாரு" என்றார் மெதுவாக. "கூட இருக்கறவங்களை உட்டுக் குடுக்க மாட்டாருங்க. வெளியாளுக முன்னால மேஸ்திரி சொல்லலைன்னு சொன்னா மேஸ்திரிக்குக் கேவலமில்லீங்களா? பழியைத் தம்மேல போட்டுக்கறாரு. மனுசன் அப்படி."

நான் கேட்டதை அவரிடம் கொடுத்துவிட்டேன். அது அவர் கையில் வேறொரு கதையாகிவிட்டது. அவர் முகத்தில் கசப்பு இல்லை. அப்போது அவர் மேனேஜரைப் பற்றி முன்னைவிட நன்றாகவே நினைத்தார் என்று தோன்றியது.

மகள் சாக்லேட் காசுகளைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றை எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லாச் சொன்னியா?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாஞ் சொன்னேம்மா. அவன்தான் சொல்லலை." பிறகு என்னிடம், "அடுத்த வருசம் நானு மந்திரி வேசம் போடறேனுங்க்கா" என்றாள்.

"ராஜா வேண்டாமா?"

"ராசாவுக்கு ஆரு என்ன சொல்றாங்களோ அதுதானுங்களே தெரியும்" என்று சாக்லேட்டின் தங்கக் காகிதத்தை நகத்தால் உரித்தாள்.

கிரீடத்தைப் பள்ளி அலமாரியின் மேல் வைத்தார்கள். மாசியில் மூட்டம் விலகி, உச்சியிலிருந்த பங்களா நாள் முழுக்கத் தெரிந்தது. புகைபோக்கிகள் உண்மையில் மூன்று. பங்குனியில் உதவியாளர் கோயம்புத்தூருக்கு ஒருமுறை போய் வந்தார். மறுமுறை மூத்த மகளே பெட்டியோடு வந்தாள். பஸ்ஸில் அவளை ஒருதடவை பார்த்தேன். அம்மாவைப் போலவே நெற்றி. மடியில் தடித்த புத்தகம் ஒன்று. கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை அதைப் பிரித்து வைத்திருந்தாள், பக்கம் திருப்பவில்லை.

சித்திரை பிறந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, காலைப் பஸ்ஸில் கோத்தகிரி போய்க்கொண்டிருந்தேன். மஸ்டர் கொட்டகைக்கு எதிரே பஸ் நின்றது. மேனேஜர் படியின் மேலும், மேஸ்திரி நடுப்படியிலும் நின்றார்கள். பெயர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு புதுப் பெயர், மூத்தவளுடையது. "இருக்கேனுங்க" என்று ஒரு குரல், மேஸ்திரி பக்கமாக. "எல்லாம் சரியா?" என்று மேனேஜர் கேட்டார். மேஸ்திரி பதில் சொன்னார்.

அன்று அவளைக் கொழுந்து பறிக்க அனுப்பியது பங்களாவுக்குக் கீழே இருக்கும் சரிவுக்கு.